மூன்று மில்லிமீட்டர்

தொடங்கி நான்கு மாதமாகியும் குழு கிணற்றில் போட்ட கல்லாகவே கிடந்தது. வடிவமைப்பு படிக்கும் பிள்ளைகள் தங்கள் அரைகுறை வேலையை இணையத்தில் போட்டு, ஒருவர் வேலையை மற்றவர் அலசிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது டீச்சரின் ஆசை. பிள்ளைகள் வந்தார்கள், இதயக்குறி ஒன்றைத் தட்டிவிட்டுப் போனார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

பிறகு ‘அழிரப்பர்’ என்ற பெயரில் ஒரு முதலாண்டு மாணவி சேர்ந்தாள். “தலைப்புக்கு மூச்சு முட்டுது, சுத்தி இடம் விடு” என்று ஒருவனுக்கு எழுதினாள். “இந்த மஞ்சள் உனக்குப் பிடிச்சிருக்கு, படிக்கிறவனுக்குக் கண்ணு கூசுது” என்று இன்னொருத்திக்கு. ஒரே வாரத்தில் குழு சந்தைக்கடை ஆனது.

டீச்சருக்கு மட்டும் நெஞ்சில் நெருடல். முதலாண்டுக்காரிக்கு இவ்வளவு கூர்மையான கண் எங்கிருந்து வந்தது? தளத்தைப் பராமரிப்பது தம்பி. அக்கா முகம் வாடியதைப் பார்த்து அவனே ஓர் ஆளை நுழைத்துவிட்டானோ? உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் மாணவர்கள்தான் என்று டீச்சர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த நம்பிக்கையில்தான் பிள்ளைகள் கூச்சத்தை விட்டு முடியாத வேலையைக் காட்டினார்கள். ஒரு பொய் ஆள் இருந்தாலும் குழுவை மூடிவிட வேண்டியதுதான்.

‘உன் வேலையையும் போடேன்’ என்று அழிரப்பருக்கு எழுதினார். இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் மதியம் ஒரு போஸ்டர் வந்தது.

திரையில் மட்டும் பார்க்கவேண்டிய போஸ்டர். ஆனால் நான்கு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக வண்ணம் ஓடியிருந்தது. அச்சடித்த தாளை வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க விடுகிற இடம் அது. அச்சகத்தில் கை பழகியவர்கள்தான் கேட்காமலே அதை விடுவார்கள்.

கூடத்தில் இருந்த தம்பியிடம் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். “இது யாரு வேலை?”

“என்னப் பாத்தா போஸ்டர் பண்ற மூஞ்சியாக்கா தெரியுது? ரெண்டு கலர்ல சாக்ஸ் போட்டுட்டுப் போறவன் நான்.”

சிரித்தான். ஆனால் கண் ஒருமுறை சமையலறைப் பக்கம் போய் வந்தது. அங்கே அவன் மனைவி தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எட்டு வருடமாக அச்சகத்தில் கோப்பு சரிபார்ப்பவள். துடைத்த தட்டையே மறுபடி துடைத்தாள்.

டீச்சர் சமையலறை வாசலில் போய் நின்றார். “எந்த காலேஜ்?”

அவள் தட்டை மேடைமேல் வைத்தாள்.

“காலேஜ் பேரு கேக்குற கட்டத்தக் காலியா விட்டா ஃபாரம் உள்ள விடல அண்ணி. எதையோ போட்டேன். எனக்கும் படிக்கணும்னு இருந்துச்சு. உங்ககிட்ட கேட்டா சிரிப்பீங்கன்னு நெனச்சேன்.”

“சிரிச்சிருக்க மாட்டேன்.” சொன்ன பிறகு, அது உண்மைதானா என்று டீச்சருக்கே சந்தேகம் வந்தது.

“மூடிடுவீங்களா?”

“நீ யாருன்னு நீயே அவங்களுக்கு எழுது. அப்புறம் எவன் இருக்கான், எவன் போறான்னு பாப்போம்.”

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நான்கு வரி எழுதினாள். மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்தவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ஒருவரும் எழுதவில்லை.

பிறகு ஒரு வரி வந்தது: ‘நானும் ஸ்டூடன்ட் இல்ல.’

அதன் கீழே இன்னும் இரண்டு பேர் எழுதிக்கொண்டிருப்பதாகத் திரை காட்டியது. டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.