இடைவேளையில் முப்பத்தொன்பது

ராதோஷ் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே நின்றான். புள்ளிப் பலகையில் இரண்டு பக்கமும் முப்பத்தொன்பது. இடைவேளைக்குச் சில நொடிகளே இருந்தன. அவனுக்கும் கூடைக்கும் நடுவே தடுக்க ஆளில்லை. அரங்கமே எழுந்து நின்று "போடு, போடு" என்று கத்தியது. அவன் போடவில்லை. சங்கு ஊதிவிட்டது.

"டேய் கிழட்டு மாடே, தூங்குறியா?" மேலிருந்து ஒருவன் சூரியகாந்தி விதைத் தொலியைத் துப்பினான்.

ராதோஷுக்கு நெஞ்சு லேசாயிற்று. இடைவேளையில் தன் அணி முந்தியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். பிற்பாதியில் ஜெயித்துக்கொள்ளலாம், ஊருக்கும் துரோகமில்லை. இப்படி ஆடச் சொல்லிக் கேட்டவன் மில்யான். ராதோஷின் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், அவன் மகளைத் தேவாலயத்தில் கையிலேந்திப் பெயரிட்டவன். அப்படிப்பட்டவனைக் கூம் என்பார்கள். வானத்தில் கடவுள், பூமியில் கூம். கூம் கேட்டால் காரணம் கேட்பதில்லை. மில்யானின் வாக்கை நம்பி வுக்ஸான் என்ற ரவுடி பந்தயக் கடைகளில் பணம் கட்டியிருந்தான். வாக்குப் பிசகினால் மில்யானின் கை போய்விடும்.

உடைமாற்றும் அறைக்குப் போகும் வழியில் மில்யான் நின்றிருந்தான். முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"என்ன காரியம் பண்ணிட்டே, கூமே?"

"ஏன்? நாங்க முந்தலையே."

"அவங்க முந்தணும்டா! அதுக்குத்தானே கட்டியிருக்கான். சமம்னா பந்தயச் சீட்டு செத்துச்சு."

கூடைப்பந்தில் சமம் என்று ஒன்று இருப்பதாகவே ராதோஷ் எண்ணியதில்லை. ஆட்டம் சமமாய் முடிந்தால் ஒருவர் ஜெயிக்கும்வரை மேலும் ஆடுவார்கள். இடைவேளையில் மட்டும் சமமும் ஒரு முடிவு. சீட்டுப் போடுகிற எவனுக்கும் தெரிந்தது, ஆடுகிறவனுக்குத் தெரியவில்லை.

பின்கதவு திறந்தது. வுக்ஸானின் ஆட்கள் இருவர் அவர்களைக் கார்கள் நிற்கும் இடத்துக்கு இழுத்துப்போனார்கள். சேறும் பனியுமாய்க் கிடந்தது.

"வாங்க சாம்பியன். கணக்கு வராதா உங்களுக்கு?" என்ற வுக்ஸான், பதிலுக்குக் காத்திராமல் மில்யானின் வாயில் முழங்கையால் இடித்தான். பல்லொன்று பனியில் சிவப்பாய் விழுந்தது. ராதோஷ் பாய்ந்து ஒருவன் மூக்கைத் தலையால் முட்டி உடைத்தான். மற்றவன் ராதோஷின் முழங்காலில் உதைத்தான். எலும்பு நொறுங்கும் சத்தம் அவன் காதிலேயே கேட்டது.

"தப்பு என்னுது," என்றான் ராதோஷ், கீழே கிடந்தபடி. "அவனை விட்டுரு."

"அப்ப கையும் உன்னுதுதான்." வுக்ஸான் காரின் பின்கதவைத் திறந்தான். ராதோஷைத் தூக்கி, வலதுகை விரல்களைக் கதவுச் சட்டத்தில் வைத்து அழுத்திப் பிடித்தார்கள். "ஆனா நான் மூட மாட்டேன். மில்யான், உன் கையா, அவன் கையா? நீயே முடிவு பண்ணு."

அரங்குக்குள்ளிருந்து மேளச் சத்தம் வந்தது. மில்யான் தன் கைகளைப் பார்த்தான். பிறகு கதவைப் பிடித்தான். ராதோஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

கதவு அறைந்தது. பூட்டு விழவில்லை. மில்யான் அதைத் திறந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடியும் அறைந்தான்.

உள்ளே பிற்பாதிக்குச் சங்கு ஊதியது.

'மூடு, கூமே' என்று சொல்லத்தான் ராதோஷ் வாயெடுத்திருந்தான். அதைச் சொல்லவாவது மில்யான் விட்டிருக்கலாம்.