பூட்டம்மாவின் அடக்கம்

கிரேப் பேண்டேஜ் மறுபடியும் நழுவியது. சின்னவள் அதை அம்மாவின் தாடைக்கு அடியில் கொடுத்து, இரண்டு காதோரமும் இழுத்து, உச்சந்தலையில் ஊக்கு குத்திப் பார்த்தாள். கையை எடுத்ததும் வாய் மெல்லத் திறந்துகொண்டது. வேலை பார்க்கிற மருந்துக்கடையில் எத்தனையோ பேருக்குக் கணுக்காலில் சுற்றிக் காட்டிய கைதான். ஆனால் தாடைக்குச் சுற்றிப் பழக்கமில்லை.

"ஊர் வாயையெல்லாம் பூட்டினவங்களுக்குத் தன் வாய் பூட்டிக்க மாட்டேங்குது பாரு," என்றாள் தலைமாட்டில் நின்றிருந்த அண்ணி. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னவளுக்குக் கோபம் வரவில்லை. அம்மா காதில் விழுந்திருந்தால் முதலில் சிரித்திருப்பது அம்மாதான்.

அம்மாவுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி வழி கேட்டால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பூட்டம்மா வீடு என்று கேட்டால் போதும், கைப்பிடித்துக் கொண்டுவந்து விடுவார்கள். முன்வாசலுக்கு அல்ல, பின்வாசலுக்கு.

குடித்துவிட்டுத் தெருவே கேட்கும்படி ஏசுகிற புருஷன், நாத்தனாரின் நாக்கு, ஒரு பெண்ணைப் பற்றி இல்லாததைக் கட்டிவிடுகிற பக்கத்து வீடு என்று எதற்கும் அங்கே பரிகாரம் இருந்தது. ஹார்டுவேர் கடையில் கைக்கடக்கமான பூட்டு ஒன்று வாங்கிக்கொண்டு வரவேண்டும். அம்மா அதைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைப்பாள். வந்தவளைத் தன் பக்கத்தில் முழங்காலில் நிற்க வைப்பாள். வேதாகமத்தில் வாய்க்குக் காவல் கேட்கிற சங்கீதம் ஒன்று உண்டு, அதை முழுதும் வாசிப்பாள். பிறகு பூட்டைத் தூக்கி, சாவித் துவாரத்தில் உதட்டை வைத்து, அடங்கவேண்டிய வாய்க்குரியவர் பெயரை அப்பன் பெயரோடு சேர்த்துச் சொல்லி, ஆமென் என்று அழுத்துவாள். டிக். தீர்ந்தது வேலை. பூட்டு பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். சாவி அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைப் பைக்குள் போகும்.

அதற்கு இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தாள். பூட்டியவருக்காக அம்மா தினமும் ஜெபம் பண்ணுவாள், அவருக்கு நல்லது நடக்கவேண்டும் என்று. பூட்டச் சொன்னவள் அதற்குப் பிறகு அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசக்கூடாது. ரெண்டு வாயும் சேர்ந்து மூடினாத்தான் பூட்டு விழும் என்பாள். பூட்டு வேலை செய்வதன் ரகசியம் அந்த இரண்டாவது நிபந்தனையில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் ஜோடனை என்பது சின்னவளின் கட்சி. இதற்காக அம்மாவோடு அவள் போடாத சண்டையில்லை.

"ஒண்ணு ஜெபம் பண்ணு, இல்ல மந்திரம் பண்ணு. ரெண்டையும் எதுக்கும்மா கலக்குறே?"

"நான் எங்கடி கலக்குறேன்? கதவு ஆண்டவரோடது. தாழ்ப்பாள் மட்டும் நான் போடுறேன்."

அப்பா போன பிறகு சின்னவள் சபைக்குப் போவதையும் விட்டுவிட்டாள். ஆக அந்த வீட்டில் அம்மாவுக்கு இரண்டு நம்பிக்கை, மகளுக்கு ஒன்றுமில்லை. கணக்குச் சரியாகப் போயிற்று என்று அம்மாவே சொல்லுவாள்.

மூன்றாவது தடவையாகப் பேண்டேஜை இறுக்கும்போது அண்ணன் பெரியவன் வந்துவிட்டான். அடக்கத்துக்குச் சொல்லப் போதகர் வீட்டுக்குப் போனவன் போன வேகத்தில் திரும்பியிருந்தான். செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தான். அதைப் பார்த்ததுமே விஷயம் சரியில்லை என்று சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூப்பர் மறிக்கிறாராம். சபையின் கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எங்கே இடம் என்பதெல்லாம் மூப்பர் பொறுப்பு. பில்லிசூனியக்காரிக்குப் பரிசுத்த பூமியில் இடமில்லை என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம். போதகர் வாலிபர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வழி வாங்கியிருக்கிறார். டப்பாவில் இருக்கிற பூட்டையெல்லாம் சபையார் முன்னால் தெருவில் போட்டு உடைக்கவேண்டும். அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தவள் என்ற முறையில் சின்னவள் தன் வாயால் ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். சொன்னால் சபையில் அடக்க மணி அடிக்கும், அப்பாவின் பக்கத்தில் இடம் கிடைக்கும்.

"என்ன வாக்கியம்?"

பெரியவன் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். "என் தாய் பிசாசுக்கு ஊழியம் செய்தாள், அவள் பாவத்தை நான் விட்டு விலகுகிறேன். அவ்வளவுதான். உனக்கென்ன கஷ்டம்? நீதான் இதையெல்லாம் நம்பவே மாட்டியே. சும்மா சொல்லிட்டுப் போ."

அது நியாயமாகத்தான் பட்டது. அப்பாவின் பக்கத்து இடத்தை அம்மா எத்தனை வருஷமாகக் காவல் காத்தாள் என்று இருவருக்கும் தெரியும். அங்கே வேறு யாரையாவது வைத்துவிடுவார்களோ என்று போகும்போதெல்லாம் புல்லைப் பிடுங்கி, ஏதோ வீட்டில் பாய் விரித்து இடம் போட்டு வைப்பதுபோல் ஒரு கல்லை நட்டுவிட்டு வருவாள். அதற்காக ஒரு பொய். சின்னவள் கட்டிலடியிலிருந்து டப்பாவை இழுத்தாள். அது அவள் நினைத்ததைவிடக் கனத்தது.

வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. சபையார்தான், எல்லோரும் வெள்ளையில். முன்னால் மூப்பர், பக்கத்தில் போதகர். மூப்பருக்குப் பின்னால் அவர் மனைவி, வெயிலே இல்லாத நேரத்தில் குடை பிடித்துக்கொண்டு. சபையில் அவள் குரலைத் தனியாக யாரும் கேட்டதில்லை.

மூப்பரின் பிரச்சனை சின்னவளுக்குத் தெரிந்ததுதான். காணிக்கைப் பையைக் கொட்டுகிறவர் அவர். வாராவாரம் சில்லறைக்கு நடுவே சாவி விழுந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஒருமுறை சேர்த்து வைத்த சாவியையெல்லாம் கொண்டுவந்து அம்மாவின் மடியில் கொட்டினார். அம்மா அள்ளிக்கொண்டு, அடுத்த ஞாயிறு அத்தனையையும் மறுபடி பைக்குள் போட்டாள். அதற்குச் சில மாதம் கழித்து அவருக்குத் தொண்டை கட்டியது. சபையில் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவர், ஒலிபெருக்கி வேண்டாத குரல். அது கரகரத்து, ஒரு நாள் நன்றாகவும் ஒரு நாள் காற்றாகவும் வர ஆரம்பித்தது. தன் பெயரும் டப்பாவுக்குள் போய்விட்டது என்று அவர் முடிவே கட்டிவிட்டார்.

இன்றைக்குக் குரல் பரவாயில்லை. "கொட்டும்மா," என்றார்.

சின்னவள் டப்பாவைத் தெருவில் கவிழ்த்தாள். பித்தளை, இரும்பு, துருப்பிடித்தது, புதுசு என்று பூட்டுகள் உருண்டு ஓடின. பெரியவன் எங்கோ சுத்தியல் வாங்கி வைத்திருந்தான். குந்தி உட்கார்ந்து முதல் பூட்டை எடுத்துக் கல்லின் மேல் வைத்தான்.

"தம்பி, அதை விட்டுடு," என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

அதே தெருத் தையல்காரி. எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் அவள் தரையைப் பார்த்தாள். பெரியவன் அதை வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தான். இப்போது இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு இருமல். எடுத்தவன் அதையும் வைத்தான். அவன் கை எந்தப் பூட்டுப் பக்கம் போனாலும் எங்கோ ஒரு பெண் மூச்சை இழுத்தாள். பூட்டு உடைந்தால் வாய் திறந்துவிடும் அல்லவா? பழையபடி வீட்டில் ஏச்சுக் கிளம்பிவிடும். எது யாருடைய பூட்டு என்று யாருக்கும் அடையாளம் தெரியாது. அதனால் ஒன்றையும் தொடவிட மனமில்லை. பில்லிசூனியத்தை ஒழிக்க வந்த சபை, ஒரு பூட்டும் உடையாமல் பார்த்துக்கொண்டு நின்றது.

போதகருக்கு விஷயம் மெல்லத்தான் விளங்கியது. தன் ஜனத்தை முகம் முகமாகப் பார்த்தார். அவர் கழுத்து சிவந்தது.

உடைக்கிறது அப்புறம் இருக்கட்டும், முதலில் அவள் சொல்லவேண்டியதைச் சொல்லட்டும் என்றார் மூப்பர். பெரியவன் நிம்மதியாகச் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தங்கையைப் பார்த்து உதட்டை அசைத்தான். என் தாய் பிசாசுக்கு.

சின்னவள் வாயைத் திறந்துவிட்டாள். சொல்லியும் இருப்பாள். மூப்பர் சும்மா இருந்திருக்கலாம். அவர் கூட்டத்தைப் பார்த்து, இரக்கத்தோடு என்றுதான் சொல்லவேண்டும், ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார்.

"பாவம், வருஷக்கணக்கா முழங்கால் போட்டா. ஒரு ஜெபம்கூட மேல ஏறல."

சின்னவளின் அறைக்கும் அம்மாவின் அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். விடிகிற நேரத்தில் அம்மாவின் குரல் அதன் வழியே வரும். குடிகாரத் தச்சனுக்கு ஈரல் நன்றாக இருக்கவேண்டும். யாரோ ஒருத்தியின் மாமியாருக்கு மூட்டுவலி குறையவேண்டும். மூப்பருக்குத் தொண்டை திறக்கவேண்டும். அதுவும் அந்த வரிசையில் உண்டு, பூட்டாத ஆளுக்கும் சேர்த்துக் கேட்பாள். கடைசியில் என் சின்னவளுக்கு என்று தொடங்கி, என்ன கேட்பது என்று தெரியாததுபோல் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். சின்னவள் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு படுத்திருப்பாள். நேற்றும் அப்படித்தான் படுத்திருந்தாள்.

"நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

பெரியவன் எழுந்து அவள் கையைப் பிடித்தான். உதறினாள்.

"எங்கம்மா பிசாசுகிட்ட ஒண்ணும் கேக்கல. கேட்டதெல்லாம் உங்க சாமிகிட்டதான். எனக்கு அந்தப் பூட்டு மேலயும் நம்பிக்கை இல்ல, உங்க மணி மேலயும் நம்பிக்கை இல்ல. ஆனா அவ ஜெபம் ஏறிச்சா இறங்கிச்சான்னு நீங்க எனக்குச் சொல்லாதீங்க, மூப்பரே. உங்க தொண்டைக்கு டாக்டரைப் பாருங்கன்னு கடையில வச்சு எத்தனை தடவை சொன்னேன்? தொண்டை மிட்டாய் வாங்கிச் சப்பிட்டு, பழியை எங்கம்மா மேல போடுறீங்க."

"அப்போ உன் அப்பன் பக்கத்துல இடம் கிடையாது," என்றார் மூப்பர். "எங்க வேணுமோ கொண்டுபோ."

அவள் அழுதுவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் குனிந்து பூட்டுக் குவியலைக் கிளறினாள். இன்னும் பூட்டாத ஒன்று அதில் கிடந்தது. யாரோ வாங்கிக் கொடுத்துவிட்டு மனம் மாறித் திரும்ப வராமல் போயிருக்கவேண்டும். சாவி அதிலேயே தொங்கியது. அதை எடுத்துச் சேலையில் துடைத்தாள். தெருவிலேயே முழங்கால் போட்டாள்.

புத்தகம் இல்லை. அது அவளுக்குத் தேவைப்படவும் இல்லை. சுவர் வழியாகவே வருஷக்கணக்காக வந்து சேர்ந்தது எல்லாம் அப்படியே இருந்தது. அந்தச் சங்கீதத்தை முதல் வரியிலிருந்து தொடங்கினாள். ஒரு இடத்திலும் திக்கவில்லை. அம்மா மூச்சு வாங்குகிற இடத்தில் இவளும் மூச்சு வாங்கினாள். அண்ணி ஒருத்திதான் முதலில் தலை குனிந்தாள். பிறகு தையல்காரி. அதற்குப் பிறகு, வேதவசனம் கேட்டால் தலை குனிந்தே பழகிய கூட்டம் தானாகக் குனிந்துகொண்டது.

பூட்டை உதட்டருகே தூக்கினாள். மூப்பரின் பெயரை, அவர் அப்பன் பெயரோடு சேர்த்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"ஆமென்," என்றாள்.

"ஆமென்," என்றது சபை.

பழக்கதோஷம், வேறென்ன. சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று முழித்தார்கள். போதகரின் உதடும் அசைந்ததைச் சின்னவள் பார்த்தாள். அவர்கள் முழித்துக்கொண்டிருக்கும்போதே பூட்டை அழுத்திவிட்டாள். டிக் என்று அது விழுந்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும், அவ்வளவு அமைதி.

எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுச் சாவியைப் போதகரிடம் நீட்டினாள்.

"காணிக்கை."

போதகர் உள்ளங்கையில் கிடந்த சாவியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். கையை மூடிக்கொண்டு மூப்பர் பக்கம் திரும்பினார்.

"மூப்பரே, கல்லறை விஷயத்துல ஆட்சேபணை ஏதும் இருக்கா? சொல்லுங்க, கேக்குறேன்."

மூப்பரின் தொண்டைமேடு ஏறி இறங்கியது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பூட்டு பொய் என்று தெருவுக்கே காட்டியிருக்கலாம். ஆனால் சொல்ல முயன்று காற்று மட்டும் வந்துவிட்டால்? அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் உதட்டை நனைத்தார். ஒருமுறை இருமப் போய், அதையும் அடக்கிக்கொண்டார்.

போதகர் தேவைக்கு அதிகமாகவே காத்திருந்தார்.

"ஆட்சேபணை இல்லைன்னு எடுத்துக்குறேன்," என்றார். மணி அடிக்க ஆள் அனுப்பினார். பிறகு சின்னவளிடம் வந்து தணிந்த குரலில், "நீங்க பண்ணினது சரியில்லக்கா. இதைப் பத்தி நாம பேசியாகணும்," என்றார்.

"பேசலாம். அம்மாவை வச்சுட்டு வந்து பேசலாம்."

பூட்டுகளை அள்ளி டப்பாவில் போட ஆளாளுக்குக் குனிந்தார்கள். எதுவும் குறைந்துவிடவில்லையே என்று ஒரு கிழவர்கூடச் சாக்கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் வழியில் பெரியவனுக்குப் பொறுக்கவில்லை. அந்த மனுஷன் நிஜமாகவே ஊமையாகிவிட்டானா, பயந்துபோய் நிற்கிறானா, நீ என்ன நினைக்கிறாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். சொல்வதற்குச் சின்னவளிடம் நிறைய இருந்தது, காரசாரமாகவே இருந்தது. அவள் முன்னால் போகும் பெட்டியைப் பார்த்தபடி நடந்தாள். அந்த ஆளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பாவின் பக்கத்தில் குழி தயாராக இருந்தது. போதகர் வாசித்து முடித்தார். பெட்டியை இறக்கினார்கள். பிறகு எல்லோரும் காத்து நின்றார்கள். பாட்டை எப்போதும் மூப்பர்தான் எடுத்துக் கொடுப்பார். அவர் எடுக்காமல் அங்கே ஒரு அடக்கத்திலும் பாட்டுத் தொடங்கியதில்லை. அவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி மண்ணைப் பார்த்து நின்றார். போதகர் ஒருமுறை தொண்டையைச் செருமினார். யாரோ குழந்தையை அடக்கினார்கள்.

குடையை மடக்கும் சத்தம் கேட்டது. மூப்பரின் மனைவி குடையைப் பக்கத்திலிருந்த கல்லறையில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு அடி முன்னால் வந்து, பாட ஆரம்பித்தாள்.

அவள் எடுத்தது எட்டாத சுருதி. கூட்டம் எக்கி எக்கிப் பின்னால் வந்தது. ஆண்கள் குரல் உடைந்து ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். அடுத்த அடியிலாவது இறக்குவாள் என்று போதகர் அவள் முகத்தைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை மூடிக்கொண்டு, அவள் அதே சுருதியில் அடுத்த அடியையும் எடுத்தாள்.