டிவியில் இன்னும் விழவில்லை

ஓட்டம் தொடங்க இன்னும் கால்மணி நேரம்கூட இல்லை. வீராங்கனையின் அம்மா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கூடத்தில் விளக்கு, கேமரா எல்லாம் தயாராக இருந்தன. சொந்தக்காரர்கள் தலைவாரி, பவுடர் பூசி, கல்யாணப் போட்டோவுக்கு நிற்பவர்கள்போல நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சோபாவின் நடுவில் மட்டும் ஓர் இடம் காலி. "அவ எப்பவுமே இப்படித்தாம்மா," என்றார் அப்பா, ஏதோ தன் தப்பு மாதிரி. "பொண்ணு ஸ்கூல்ல ஓடினப்ப இருந்தே பாக்க மாட்டா. எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து, என்ன ஆச்சுன்னு கேப்பா."

ஸ்டுடியோவுக்கு வெளியே நான் பொறுப்பேற்றுச் செய்த முதல் நேரலை அது. உலகப் போட்டி, நானூறு மீட்டர் தடை தாண்டும் ஓட்டம், இறுதிச் சுற்று. மைதானம் கடல் தாண்டி எங்கோ இருந்தது. அங்கிருந்து வரும் படம் எல்லா நாட்டுச் சேனல்களுக்கும் ஒன்றேதான். எங்களுக்கென்று தனியாக இருந்தது இந்த வீடு மட்டும்தான். "ஓட்டத்த எவன் வேணா காட்டுவான். அம்மா முகம் நம்மகிட்ட மட்டுந்தான் இருக்கு. விட்டுடாத," என்று சொல்லித்தான் இயக்குநர் என்னை அனுப்பியிருந்தார். அந்த முகம் இப்போது தாழ்ப்பாளுக்குப் பின்னால் இருந்தது.

கதவருகே போய் மெதுவாகக் கூப்பிட்டேன். "அம்மா, ஒரு நிமிஷந்தாம்மா. கண்ண மூடி முழிச்சா முடிஞ்சிடும்."

"அவ ஓடறத நெனச்சாலே எனக்குக் கால் நடுங்குது. அத வேற ஊரே பாக்கணுமா?"

"நான் பக்கத்துலயே நிக்கிறேம்மா."

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். தோளில் மைக்கைக் குத்தும்போது என் காதில் இருந்த கருவியைப் பார்த்து அது எதற்கு என்று கேட்டார். சொன்னேன். மைதானத்துப் படம் முதலில் எங்கள் நிலையத்துக்கு வரும். அங்கே வர்ணனை சேர்ந்து, வானத்துக்கு ஏறி இறங்கி, வீட்டு டிவிக்கு வந்து சேரச் சில நொடிகள் பிந்தும். என் காதில் கேட்பது நிலையத்தில் பேசுவது. அங்கே அந்தத் தாமதம் கிடையாது.

"அப்போ உனக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்?"

"கொஞ்சம் முன்னாடி. அதனால என்னப் பாக்காதீங்க, டிவியப் பாருங்க."

"நல்ல ஆளாப் பாத்து சொன்ன போ," என்று சிரித்தார். நான் வந்ததிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான்.

அந்த வீட்டில், ஓடப்போகிற மகளுக்குச் செல்லப்பெயர் வாலு. டிவியில் வாலு நான்காவது தடத்தில் குனிந்து நின்றதும் சித்தி ஒருத்தி கும்பிட்டாள், மாமாவோ அடுத்த தடத்துக்காரியின் தோளைப் பார்த்துவிட்டு, "இது பொண்ணா பீரோவா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கூடம் முழுக்கக் கத்தல். முதல் வளைவு முடிந்தது. வாலு மூன்றாவதாக வந்தாள், பிறகு இரண்டாவதாக. அப்பா சோபாவிலிருந்து பாதி எழுந்து, "ஓடுடி! ஓடுடி!" என்று காற்றைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். பதக்கம் உறுதி என்றே நானும் நினைத்தேன்.

அப்போது என் காதில் யாரோ, "அய்யய்யோ, விழுந்துட்டா," என்றார்கள்.

அடுத்து இயக்குநரின் குரல், பதற்றமே இல்லாமல்: "அம்மா மேல போ. கிட்டப் போ. இன்னும் கிட்ட." கேமராக்கார அண்ணன் லென்ஸைத் திருகினார். டிவியில் வாலு இன்னும் விழவில்லை. தலைமுடி பின்னால் பறக்க, அழகாகத்தான் ஓடிக்கொண்டிருந்தாள். கூடத்தில் எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள், அம்மாவைத் தவிர. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் உதடு மட்டும் அசைந்தது.

எந்திரிச்சாளா?

என் காதுக்குள் இருந்தது முழுக்கக் கூச்சல். அதற்கு நடுவே வர்ணனையாளரின் குரலைத் தேடினேன். எழுகிறார், இதோ எழுந்துவிட்டார், நொண்டியபடியே அடுத்த தடையை நோக்கிப் போகிறார். நான் தலையசைத்தேன். அம்மா மூச்சை விட்டார். பக்கத்தில் கத்திக்கொண்டிருந்த கணவரின் கையைப் பிடித்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். அதன் பிறகுதான் டிவியில் வாலுவின் கால் தடையில் இடித்தது.

அப்பா உடைந்துபோய் அழுதார். சித்தி முகத்தை மூடிக்கொண்டாள். அம்மா மட்டும், "எந்திரிப்பா. பாருங்க, எந்திரிப்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னபடியே வாலு எழுந்து, எல்லோருக்கும் கடைசியாகக் கோட்டைத் தாண்டினாள். அன்று மாலைக்குள் அம்மாவின் அந்த முகம் எல்லாருடைய போனிலும் சுற்றியது. என்ன தைரியம் என்று பலர் எழுதினார்கள். பெத்த வயிறா, கல்லா என்று கேட்டவர்களும் உண்டு.

ஓட்டம் முடிந்ததுமே, "அழவே இல்லையே," என்றார் இயக்குநர் என் காதில். விழுந்த காட்சியை மெதுவாக ஓட்டச் சொன்னார். திரையின் மூலையில் சின்னப் பெட்டிக்குள் இந்த வீட்டின் முகங்கள். மறுபடி ஓட்டினார்கள், மறுபடியும். அந்தக் கூடத்து டிவியில் வாலு விழுந்துகொண்டே இருந்தாள். "அத நிறுத்தச் சொல்லேம்மா," என்றார் அம்மா என்னிடம். "இவரு தாங்க மாட்டாரு." நிறுத்துவது என் கையில் இல்லை என்று எப்படிச் சொல்வது? மாமாதான் எழுந்து போய் டிவியை அணைத்தார்.

மகள் எப்படியும் கூப்பிடுவாள், அதுவரை கிளம்பாதே என்று உத்தரவு. டீ வந்தது, ஆறியது. வெகுநேரம் கழித்து அம்மாவின் போனில் வீடியோ கால் வந்தது. திரையில் வாலுவின் முகம். மணிச் சத்தம் மைக் வழியாக நிலையம்வரை போய்விட்டது.

"யாரது? அவளா? ஸ்பீக்கர்ல போடச் சொல்லு, லைவ்ல எடுத்துக்கறேன்," என்றார் காதில் இயக்குநர்.

அம்மா போனை எடுக்காமல் என்னையே பார்த்தார். நான் பக்கத்தில் போய், அவர் தோளில் இருந்த மைக்கைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன்.

"பக்கத்து வீட்டுக்காரங்க சார். ஆறுதல் சொல்லக் கூப்பிடறாங்க," என்றேன் என் மைக்கில்.

"கேமராவத் திருப்பு, நான் பாத்துக்கறேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "பேட்டரி போயிடுச்சு சார்," என்று சொல்லி, தன் கையாலேயே அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். காதில் வந்த திட்டுகளை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எனக்கு ஸ்டுடியோவுக்குள்தான் வேலை.

அம்மா படுக்கையறைக்குள் போனார். யாரும் உள்ளே போகாமல் இருக்க நான் நிலைப்படியிலேயே நின்றேன். கதவு முழுவதும் சாத்தவில்லை. வாலு அழுதுகொண்டே என்னென்னவோ சொன்னாள். மன்னிப்பு கேட்டாள் என்று நினைக்கிறேன். அம்மா அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"முட்டியக் காட்டுடி."

"ஒண்ணும் இல்லம்மா."

"காட்டுங்கறேன்ல."

திரை ஆடி, இறங்கி, ஒரு முழங்காலில் வந்து நின்றது. தோல் உரிந்து, மருந்து தடவிப் பளபளத்தது. அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கட்டைவிரலால் அந்தக் காயத்தின் ஓரத்தைத் தொட்டார். தொட்டதும் போன் திரையின் பொத்தான்கள் எல்லாம் வரிசையாக மேலே வந்து முழங்காலை மறைத்தன. விரலை எடுத்துவிட்டு, அவை மறையும்வரை காத்திருந்தார். மறைந்ததும் மறுபடி தொட்டார்.