ஏற்கெனவே தெளிந்த துண்டு

1

இந்தக் கதை எங்கள் வீட்டுக் குளியலறையில் பிறந்தது. எல்லாம் கற்பனை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் இதை எழுதும்போது அண்ணன் இன்னும் உள்ளேயிருந்து வந்தபாடில்லை.

2

முதல் வரி: 'இருட்டில்தான் உண்மை தன் முகத்தை' — வேண்டாம். இப்படி ஆரம்பிக்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நேராகவே சொல்கிறேன். அண்ணன் கறுப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவுகிறவன். அண்ணி நாடகங்களுக்கு மேடை அமைக்கிறவள். போன வாரம் மேடையில் ஒரு முழுக் கப்பலையே நிறுத்தினாள். நாடகம் முடிந்ததும் அதைப் பிரித்துப் பலகைகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போது அந்தக் கப்பல் அண்ணன் எடுத்த ஒரே ஒரு ஃபிலிம் சுருளில் மட்டும்தான் இருக்கிறது. அதைக் காட்டினால்தான் பெரிய அரங்கில் அவளுக்கு அடுத்த வேலை. ("போன்ல ரெண்டு எடுத்துக்கறேனே" என்றாளாம். "அப்போ என்னை நம்பலையா?" என்றானாம்.)

3

ஃபிலிமில் மிச்சமிருக்கும் பால்போன்ற பூச்சைக் கரைத்துப் படத்தை நிலைக்கவைக்கும் திரவம்தான் ஃபிக்சர். புழங்கப் புழங்க அதன் வீரியம் குறையும். அதனால் சுருளின் நுனியை வெட்டி முதலில் அதில் போட்டுப் பார்ப்பார்கள். துண்டு சீக்கிரம் தெளிந்தால் ஃபிக்சருக்கு உயிர் இருக்கிறது.

"பழைய பாட்டிலாச்சே, சோதிச்சுப் பாத்துடுங்க" என்றாள் அண்ணி.

"எனக்கேவா?" என்றபடி வாஷ்பேசின் ஓரத்திலிருந்து ஒரு ஃபிலிம் துண்டை எடுத்துப் போட்டான். "பாத்தியா! போட்ட உடனே பளிங்கு மாதிரி ஆயிடுச்சு. இப்படிப்பட்ட ஃபிக்சர் கடையில கிடைக்காது."

கிடைக்காதுதான். அது போன தடவை சோதித்துத் தெளிந்த துண்டு. குழாய்த் தண்ணீரில் போட்டிருந்தாலும் பளிங்காகத்தான் இருந்திருக்கும்.

4

இங்கே எனக்கொரு சந்தேகம். இப்படி ஒரு மனிதனை வாசகர் நம்புவாரா? கொஞ்சம் தன்னடக்கம் சேர்த்துப் பார்த்தேன்: 'அவன் தயங்கி, தன் தவறை' — பேனா நகரவில்லை. (நான் எழுதியதை, எதைக் கொடுத்தாலும் பாராட்டும் தோழியிடம்தான் முதலில் காட்டுவேன். அது வேறு விஷயம்.)

சுருள் வெளியே வந்தது. கப்பலைக் காணோம், ஃபிலிம் முழுக்கப் பால் வெள்ளை.

"மூடுபனி. இதுக்குப் பேருதான் கலை" என்றான்.

அண்ணி சுற்றுமுற்றும் தேடினாள். "நீங்க இன்னைக்கு வெட்டின நுனி இதோ, கத்திரிக்கோல் பக்கத்துலயே கிடக்குது. இதைப் போடவே இல்லையே! பரவாயில்ல, புது ஃபிக்சர் வாங்கி வச்சிருக்கேன். அதுல மறுபடி போட்டா படம் வந்துடும். கொடுங்க."

அவன் அவளை வெளியே அனுப்பிவிட்டுச் சுருளோடு கதவைத் தாழிட்டுக்கொண்டான்.

5

ஒரு முடிவு: அவன் வெளியே வந்து, "தப்பு என்னோடதுதான்" என்கிறான். புது ஃபிக்சரில் பாய்மரம் மெல்ல மெல்லத் — எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இன்னொன்று: 'மூடுபனி' என்று கண்காட்சி வைக்கிறான். இதை விரித்து எழுதப் பயமாக இருக்கிறது. படித்தால் செய்துவிடுவான்.

"தப்புன்னுகூடச் சொல்ல வேணாங்க. சுருளை மட்டும் கொடுத்துடுங்க." புது பாட்டிலோடு நிற்கும் அண்ணியின் குரல் உடைகிறது.

"என் ஃபிக்சர்ல என்ன குறைன்னு முதல்ல சொல்லு!" என்கிறான் உள்ளேயிருந்து.

ஒரே வரியில் அந்தக் கதவை என்னால் திறந்துவிட முடியும். ஆனால் நான் அவனோடு வளர்ந்தவள். கை வரமாட்டேன் என்கிறது. உங்களுக்கு அவனைத் தெரியாது. நீங்கள் திறங்கள்.