சகலையை அழைத்துப்போக யாரும் வரவில்லை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மானக்கேடு. என் சகலை ஜைனிரின் தட்டில் மீன் தலை இருந்தது, என் தட்டில் வால். முந்தின நாளும் அப்படித்தான், அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். பரிமாறியவள் என் மனைவி அஸ்னிமார். இருபத்தாறு வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியவன் நான். சாப்பிட்டுக் கை கழுவியதும் நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

(எங்கள் மலை ஊர்களில் எல்லா மாப்பிள்ளையும் வீட்டோடு மாப்பிள்ளைதான். வீடு, வயல், நெற்குதிர் எல்லாம் பெண்களுடையவை. ஆண்பிள்ளை பிழைப்புக்கு ஊர் ஊராகச் சுற்றுவான், திரும்பி மனைவி வீட்டுக்கு விருந்தாளியாக வருவான். நானும் மேடான் பட்டணத்தில் பதினேழு வருடம் சோற்றுக்கடை நடத்தியவன். இதற்கு மேல் விளக்கமாட்டேன்.)

2

தொடக்கம் ஒன்று: “மலைமேல் மேகம் கவிந்திருந்த அந்தக் காலையில்...”

வேண்டாம். எங்கள் மலைமேல் எந்தக் காலையில்தான் மேகம் இல்லை?

தொடக்கம் இரண்டு: “மனைவியை இழந்த ஜைனிர், தான் நட்டு வளர்த்த லவங்கப்பட்டை மரங்களைக் கட்டிக்கொண்டு அழுதார். அவருடைய கண்ணீர்...”

இந்த இடத்தில் அஸ்னிமார் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டாள்.

“யாரு மரத்தைக் கட்டிக்கிட்டு அழுதது?”

“கதைக்காக.”

“அக்கா செத்த அன்னிக்கு அத்தான் கிணத்தடியில பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தாரு. வந்தவங்களுக்குத் தட்டு பத்தலைன்னு. அதை எழுதுங்க.”

எழுதினேன். என் கண்ணீரைவிட அவளுடைய பாத்திரம் நன்றாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

தொடக்கம் மூன்று, அலங்காரம் இல்லாமல்: அஸ்னிமாரின் அக்கா எல்மியாதி காலமாகி நூறாம் நாள் துஆவும் ஓதியாயிற்று. மனைவி போனபின் புருஷன் அந்த வீட்டில் தங்குவது முறையில்லை. அவனுடைய பிறந்த வீட்டுப் பெண்கள் வெற்றிலைச் செப்போடு வந்து, மரியாதையாகக் கேட்டு, அழைத்துப்போக வேண்டும். ஜைனிரை அழைத்துப்போக யாரும் வரவில்லை. தானாக எழுந்து போனால் விரட்டிவிட்டார்கள் என்று ஊர் பேசும். அறுபத்துநாலு வயது மனிதர் இந்த வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், எந்தப் பாய் தன் பாய் என்று தெரியாமல்.

3

இனி மீன் தலை விவகாரம். அஸ்னிமாரிடம் நேராகவே கேட்டேன்.

“சாப்பாட்டுல குறை வெச்சா, கிளம்புங்கன்னு சொல்றதா நெனைச்சுக்குவாரு. உங்களுக்கு என்ன, நீங்க எங்கயும் போகப் போறதில்ல. வாலைத் தின்னுங்க.”

ஜைனிரோ காபிக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

“சகலை, தினம் ரெண்டாங் கறி, தினம் மீன் தலை. எல்மி இருந்தப்ப நேத்து மிஞ்சினதைத்தான் சூடு பண்ணிப் போடுவா. இப்ப விருந்து போடறாங்கன்னா வழியனுப்பறாங்கன்னுதானே அர்த்தம்?”

சும்மா உட்கார்ந்து தின்ன வெட்கப்பட்டு, அவர் பின்பக்கச் சரிவில் அறுபது பட்டைக் கன்றுகள் நட்டார். அந்தச் சேதி கீழூரில் இருக்கும் அவர் தங்கை நுர்ஹைதாவுக்குப் போயிற்று. “கிளம்பறவன் கன்னு நடுவானா? அந்த வீட்டுல இருத்திக்கிட்டாங்க. நாம போய்க் கூப்பிட்டா பிடுங்கிக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும்” என்று அவள் சொன்னாளாம். இப்படி இரண்டு வீடும் போட்டி போட்டுக்கொண்டு மரியாதை காட்ட, நடுவில் மாட்டிய மனிதருக்கு இரண்டு சுற்று தொந்தி போட்டதுதான் மிச்சம்.

(எனக்கு இந்தக் கதாபாத்திரத்தின் மேல் ஒரு சந்தேகம். வாய் இருக்கிற மனிதன் கேட்டுவிடலாமே? ஆகவே நான் கேட்டேன்.)

“உங்களுக்கு என்ன வேணும், சகலை?”

காபியைக் கலக்கினார். “யுலி சமையல்கட்டுல பேசறது காதுல விழணும். அவ்வளவுதான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

யுலிதார் அவருடைய ஒரே மகள். இந்த வீட்டுப் பெண், ஆகவே எல்மியாதியின் பங்கு இப்போது அவளுடையது. அவளையும் கேட்டுப் பார்த்தேன்.

“இருங்கப்பான்னு நான் சொன்னா, கூடப்பிறந்தவங்க கைவிட்டுட்டாங்கன்னு ஆகிடும் சித்தப்பா. அப்பாவுக்கு அது அவமானம். போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?”

4

முடிவுகள். கைவசம் மூன்று இருந்தன.

அ. ஊரில் நாலு பேருக்குப் பிடித்த முடிவு: இறந்தவளின் தங்கையையே கட்டிவைப்பது. பழைய வழக்கம், யாரும் குறை சொல்ல முடியாது. எல்மியாதிக்குத் தங்கை ஒருத்திதான். அவள் என் மனைவி. அடுத்த முடிவுக்குப் போவோம்.

ஆ. இருபது வயதில் போனதுபோல ஜைனிர் மறுபடி பெக்கான்பாரு பட்டணத்துக்குப் பஸ் ஏறுகிறார். ஜன்னலோரம், தூரத்தில் மலை சிறுத்துக்கொண்டே... அஸ்னிமார் குறுக்கிட்டாள். “அந்த முழங்காலை வெச்சுக்கிட்டா? ஆறு மணி நேரம் நீங்க ஒருக்கா உக்காந்து போய்ட்டு வந்து எழுதுங்க.”

இ. யுலிதார் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறாள். இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அஸ்னிமார் நோட்டை மூடினாள். “அவ சொல்லாததை நீங்க சொல்ல வைக்காதீங்க. வீடு எங்களோடது. வயல் எங்களோடது. அவ வாயும் எங்களோடது.”

மூன்றாவது முடிவையும் அடித்தேன்.

5

இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். கதை முடியாத நிலையில், காபிக்கடையில் தலைப்பை மட்டும் சொல்லிவிட்டேன். நல்ல தலைப்பு வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க எந்த எழுத்தாளனால் முடியும்? பொழுது சாய்வதற்குள் அது கீழூருக்கு இறங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தால், நடுக்கூடத்தில் நுர்ஹைதா. கூட நாலு பெண்கள், வெற்றிலைச் செப்பு.

“எங்க அண்ணனை அழைச்சுக்கிட்டுப் போக யாரும் வரலைன்னு கதையே எழுதறாங்களாமே” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். “வந்துட்டோம்.”

“நல்ல காரியம். மழை வேற வர்ற மாதிரி இருக்கு, காபி குடிச்சுட்டுப் பேசலாம்” என்றாள் அஸ்னிமார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. யுலிதார் எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள், அவளுடைய முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு மாப்பிள்ளையை அழைத்துவர இன்னொரு மாப்பிள்ளையைத்தான் அனுப்புவது வழக்கம். அனுப்பினார்கள்.

6

அவர் சரிவில் ஒரு பெரிய மரத்தடியில் நின்று பட்டை உரித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“வந்துட்டாங்களா?”

“வந்துட்டாங்க.”

“உங்க கதையாலயா?”

“தலைப்பாலதான்.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “யுலி என்ன பண்றா?”

“காபி போடறா.”

கத்தியை மடக்கினார். “சகலை, ஒரு உதவி. விருந்தாளிக்குன்னா தம்ளருக்கு அடியில சின்னத் தட்டு, மேல மூடி. வீட்டு ஆளுக்கு வெறும் தம்ளர். எனக்கு எப்படி எடுத்து வெக்கிறான்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க. வெறும் தம்ளர்னா இங்கயே இருக்கேன், நுர்ஹைதாகிட்ட நானே பேசிக்கிறேன், யாருக்கும் அவமானம் வராம. தட்டும் மூடியும்னா சட்டையை மாத்திக்கிட்டு அவங்களோட கிளம்பிடறேன்.”

அவரைத் தேடி இறங்கி வரும்போது சமையல்கட்டைத் தாண்டித்தான் வந்தேன். தம்ளர்கள் வரிசையாக இருந்தன. நான் பார்க்கவில்லை. ஊரில் யார் வீட்டுத் தட்டில் என்ன மீன் என்று எட்டிப் பார்க்கிறவன், பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

இப்போது பாதிச் சரிவில் நிற்கிறேன், மேலே வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அவர் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இந்த வீட்டில் எனக்கு இருக்கிற ஒரே கூட்டாளி அவர். தட்டும் மூடியும் இருந்துவிட்டால், அவரைக் கிளப்பியது என் நோட்டு. அதோடு, நாளைக்கு அஸ்னிமாருக்கு ஒன்று என்றால் இதே மரத்தடியில் நிற்கப்போவது நான்தான் என்பதும் தெரிகிறது.

இதைப் படிக்கிற நீங்கள் போங்கள். நீங்கள் எங்கள் குலம் எதிலும் சேராதவர், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். படி ஏறினால் சமையல்கட்டு இடது கைப் பக்கம். யுலிதார் உங்களைப் பார்த்து, காபி எடுத்துக்கச் சொல்லுவாள். எடுத்துக்கொள்ளாதீர்கள், வரிசை மாறிவிடும். அவருடைய தம்ளரை மட்டும் பார்த்துவிட்டு இறங்கி வந்து அவரிடம் நேராகச் சொல்லுங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம். பொய் சொல்ல வேண்டி வந்தால் கொஞ்சம் நன்றாகச் சொல்லுங்கள், நான் சொன்னால் அவர் நம்பமாட்டார்.