நாலாவது ஆள்

வசாய் கோட்டையில் அந்த ஞாயிற்றுக்கிழமை, இடிந்த தேவாலயச் சுவரோரம் ஒரு கல்யாணப்பெண் வாடகைக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். மராட்டியரும் போர்ச்சுகீசியரும் வெட்டிக்கொண்டு மடிந்த இடம் என்று ஸ்கூல் புத்தகத்தில் படித்துவிட்டு மகள் வந்தனா நச்சரித்ததால், தாராவி தையல் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுப் பிரம்மநாயகம் குடும்பத்தோடு வந்திருந்தான். குடும்பம் என்றால் இப்போது மூன்று பேர். மகன் செல்வத்தைப் போன வருஷ மழைக்காலக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு மனைவி முத்துமாரி அவன் பெயரை வாயிலெடுத்ததில்லை.

"அப்பா, செத்தவங்கள எங்க புதைச்சாங்க?"

"இங்கனதான் எங்கயாச்சும். பாத்து நட."

அப்புறம் வந்தனா கால் நுனியில் நடந்தாள். பிரம்மநாயகத்துக்கும் காலை அழுத்தி வைக்க மனம் வரவில்லை.

வெயில் இறங்கியதும் காவலாளி விசில் ஊதினான். வாசலுக்கு வந்ததும் முத்துமாரி நின்றாள். அவள் பிறந்தவீட்டு வழக்கம் அது. ஆள் புழங்காத இடத்திலிருந்து கிளம்பும்போது பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பிள்ளை பதில் சொன்ன பிறகுதான் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் உயிரில் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடுமாம். ஜூஹூ கடற்கரைக் கூட்டத்தில்கூட அவள் இதை விட்டதில்லை.

"வந்தனா, வா தாயி."

"வந்துட்டேம்மா."

"செல்வம், வா ராசா."

பழகின நாக்கு. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாசல் கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, தெரியாமக் கூப்பிட்டுட்ட. வா போவோம்."

"கூப்பிட்டுட்டனே. பதில் வரலியே. பிள்ளைய இங்க விட்டுட்டு எப்படி வாரது?"

பயத்தில் அவனுக்குக் கோபம் வந்தது. இவளையும் இங்கேயே விட்டுவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டியிருக்குமோ என்று தோன்றியது. உள்ளே இருட்டு கட்டிக்கொண்டு வந்தது. விசில் மறுபடி கேட்டது.

"வந்துட்டேம்மா."

வந்தனாதான் சொன்னாள். அண்ணனைப் போல மூக்கால் இழுத்து, அவனைக் கேலி செய்த நாட்களில் சொன்ன மாதிரியே. முத்துமாரி கல்லை விட்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

சர்ச்கேட் போகும் லோக்கல் ரயிலில் ஒரு பெஞ்சு கிடைத்தது. ஜன்னலோரம் வந்தனா உட்கார்ந்தாள். முத்துமாரி அவளை ஒட்டி உட்காராமல், நடுவே கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தாள். மிஞ்சிய விளிம்பில் பிரம்மநாயகம். பாயந்தர் ஸ்டேஷனில் கூட்டம் ஏறியது. ஒருவன் நகரச் சொல்லிக் கையை ஆட்டி, "ஜரா கிஸ்கோ, பாய்," என்றான். மூன்று பேர் பெஞ்சில் நாலாவது ஆளுக்கு நகர்ந்து கொடுப்பது இந்த ஊரில் எழுதாத சட்டம். அந்த நாலாவது இடத்துக்காக எத்தனையோ பேரோடு சண்டை போட்டவன்தான் பிரம்மநாயகமும்.

முத்துமாரி புருஷனையே பார்த்தாள்.

"ஆத்மி ஹை," என்றான் அவன், ஆள் இருக்கிறது என்று நடுவே விட்டிருந்த இடத்தைக் காட்டி.

வந்தவன் பெஞ்சைக் குனிந்து பார்த்தான். பிரம்மநாயகம் இன்னும் கொஞ்சம் வெளியே நகர்ந்து, பாதி இடுப்பு அந்தரத்தில் நிற்க, எதிர்க் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டான்.