பதினாலு கழுத்து

...ஆட்டின் கண்ணெதிரே கத்தியைத் தீட்டக் கூடாது, அதுதான் முறை, அதனால்தான் கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்கு இந்தப் பக்கம் மறைந்து உட்கார்ந்து முகமது அஸ்வர் கத்தியைக் கல்லில் இழுத்துக்கொண்டிருந்தான், கிடாய் அந்தப் பக்கம் வேப்பங்குழையைக் கடித்துக்கொண்டு நிற்கிறது, நிற்கட்டும், தின்னட்டும், ஆனால் இந்தக் கைக்கு என்ன வந்தது, இருபது வருடமாக அறுக்கிற கை, மீமிசலில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதலில் தேடுகிற கை, இன்றைக்குப் பார்த்துக் கத்தியைக் கல்லைவிட்டு எடுக்க மாட்டேன் என்கிறதே... தங்கை ஷிஃபாவுக்குப் பெண் பிறந்து ஏழாம் நாள், பிள்ளைக்கு முடி இறக்கியாகிவிட்டது, பிள்ளை பேரில் கொடுக்கிற அகீகாவுக்கு இந்தக் கிடாயை அறுத்துப் பங்கு போட வேண்டும், பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும், பத்து மணிக்கு லடாக்கிலிருந்து போன் வரும், வனத்துறை அதிகாரி வீடியோவில் இவன் முகத்தைப் பார்த்து வாக்குமூலம் கேட்பார், இவன் சொல்லப்போகிற நாலு வார்த்தையில்தான் நம்கியால் என்கிற மனுசன் ஏழு வருடம் ஜெயிலில் கிடப்பதா, பெண்டாட்டி பிள்ளையோடு வீட்டில் இருப்பதா என்பது இருக்கிறது. மணி ஒன்பதே கால்.

இந்த மீன்வாடையை விட்டுவிட்டு அந்தப் பனிக்கு யார் போகச் சொன்னது, எல்லாம் ஆவூர் ஆனந்தராஜ் செய்த வேலை, திருச்சியில் கம்பெனி வைத்து, காசு பெருத்த நம் ஊர் ஆட்களை எட்டு எட்டுப் பேராக மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பனிச்சிறுத்தை காட்டுகிறவன், பன்னிரண்டு நாள் பயணம், பதிமூவாயிரம் அடி உயரம், பார்த்தாலும் பார்க்கலாம் பார்க்காமலும் போகலாம், அதற்குத்தான் வரிசையில் நிற்கிறார்கள், முழங்கை நீளத்துக்கு லென்ஸ், பஞ்சுமெத்தை மாதிரி கோட்டு, மூச்சு வாங்குகிறது, மூக்கில் ரத்தம் வருகிறது, ஆனால் மத்தியானம் மட்டும் ரசம் வேண்டும். அதற்குத்தான் இவன். சவூதியில் ஆறு வருடம் சமைத்தவன், இந்தியும் பேசுவான், மூன்று வருடமாகப் பிப்ரவரி மாதம் முழுக்க நம்கியால் வீட்டு அடுப்படியில்தான், வீட்டின் மேல் தளத்தில் விருந்தாளிகள், கீழே அடுப்படி, அதை ஒட்டிக் கல்சுவர் வைத்த ஆட்டுப்பட்டி... நேற்று சாயங்காலம் ஆனந்தராஜ் போன் பண்ணினான், "பாய், நான் சொல்றதைக் கேளுங்க, நான் அடுப்படியில இருந்தேன், ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லிருங்க, கத்திங்கிற வார்த்தையே வாயில வரக்கூடாது, பெர்மிட்டு போச்சுன்னா நான் மட்டுமா, நீங்களும்தான் தெருவுல நிக்கணும்." நம்கியால் உள்ளே போயிருவானே சார் என்றான் இவன். "அவன் அடிச்சான், அவன் போறான், ஒங்களுக்கு என்ன பாய் வந்துச்சு?" எனக்கு என்ன வந்ததா? ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான் காதுக்குள் கொசு மாதிரி சுற்றியது. அன்றைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியோடு எழுந்து போனவன் நானல்லவா.

விடிகிற நேரம், தேநீருக்குப் பனிக்கட்டியை உருகப் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான், நாய் குரைத்த விதம் சரியில்லை, போய்ப் பட்டிக் கதவைத் திறந்தால் முகத்தில் வந்து அடித்தது ரத்தவாடை, மீன் இறங்குகிற இடத்தில் பிறந்து வளர்ந்தவனையே மூக்கைப் பொத்த வைக்கிற வாடை, மேலே போட்டிருந்த கம்பிவலை ஒரு மூலையில் கிழிந்து தொங்குகிறது, உள்ளே ஆடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக, கால் உதறுகிறது, குடல் தரையில் ஆவி பறக்கக் கிடக்கிறது, ஒரு ஆடு கழுத்தில் பாதி இல்லாமல் எழுந்து நிற்கப் பார்க்கிறது, நின்றது, விழுந்தது, மறுபடி நின்றது... அந்த மூலையில், சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, அது. எட்டுப் பேர் பதினொரு நாளாகப் பைனாகுலர் வைத்துத் தேடின மிருகம் எட்டடி தூரத்தில், தாடையிலிருந்து நெஞ்சு வரைக்கும் சிவப்பு, வால் மட்டும் தனியாக உயிர் உள்ள ஏதோ ஒன்று மாதிரி அசைகிறது, அது பாயவில்லை, ஓடவில்லை, ரத்தம் குடித்து மப்பேறிப் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தின நாள்தான் ஆனந்தராஜ் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னான், அடைத்த இடத்தில் மாட்டிக்கொண்டால் அதற்குப் பசி கணக்கில்லை, எது அசைந்தாலும் கடிக்கும், அசைவு நிற்கிற வரைக்கும் கடிக்கும் என்று. பயம் வரவேண்டும் அல்லவா? வரவில்லை. அவன் மனசில் வந்ததெல்லாம் சின்ன வயதில் ஓதிக்கொடுத்த அசரத் சொன்னதுதான், மிருகம் கடித்துச் செத்தது ஹராம், ஆனால் உயிர் பிரிவதற்குள் அல்லாஹ் பெயர் சொல்லி அறுத்துவிட்டால் ஹலால், உயிர் பிரிவதற்குள், அவ்வளவுதான் அவகாசம். அந்த ஊர்க்காரர்கள் புத்த மதம், ஆனாலும் அறுக்கிறதற்கு முஸ்லிமைத்தான் கூப்பிடுவார்கள், லே டவுன் பஜாரில் கறிக்கடை வைத்திருப்பவனும் பாய்தான், அறுத்த கறி என்றால் நம்கியாலுக்கு நாலு காசாவது தேறும், செத்த கறி என்றால் காக்கைக்கு. பிஸ்மில்லாஹ் என்று குதித்தான். முதல் கழுத்து, ரத்தத்தில் ஊறின ரோமம் கையில் வழுக்குகிறது, கத்தி பிடிக்கவில்லை, விரலால் விலக்கிவிட்டு இழுத்தான், இரண்டாவது, மூன்றாவது, முகத்தில் சூடாகத் தெறிக்கிறது, துடைக்க நேரமில்லை, நாலு, ஐந்து, அதற்கப்புறம் எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கிறது, அல்லாஹு அக்பர் அல்லாஹு அக்பர் என்று யாரோ கத்துவது கேட்கிறது, அது தன் குரல்தான் என்று தெரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"அஸ்வரு! கத்தி தீட்டுறியா, கடலுக்குள்ள போயிட்டியா? மணி ஆகுதுடா." தாய்மாமா அப்துல் மஜீது ஆட்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். இந்தா வாரேன் மாமா என்றான், எழுந்திருக்கவில்லை, இன்னும் நாலு இழுப்பு... அன்றைக்குப் பட்டிக்கு நம்கியால் வந்தது அப்போதுதான். வாசலில் நின்றான், விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினான், அவர்கள் பாஷையில், சிக், ஞீஸ் என்று தொடங்கி, இவனுக்கும் அந்த எண் மட்டும் தெரியும், பதினாலு வரைக்கும் எண்ணினான், பட்டியில் மொத்தமே பதினாறு, எண்ணி முடித்ததும் அவன் முகம் ஒரு மாதிரி சப்பையாகிப் போனது, வெளியே போய்க் கடப்பாரையோடு வந்தான். முதல் அடி இடுப்பில். அது கத்தவில்லை, புஸ் என்று ஒரு காற்று. இரண்டாவது அடி முன்னங்காலில், எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம்தான், வேறு சத்தமில்லை. அதற்குள் மேலே இருந்த எட்டுப் பேரும் இறங்கிவிட்டார்கள், சுவர் மேல் வரிசையாகத் தலை, தலைக்கு முன்னால் லென்ஸ், கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் "அடிக்காதீங்க, ஐயோ அடிக்காதீங்க" என்று அழுதார், அழுதுகொண்டே எடுத்தார், கேமராவை இறக்கவே இல்லை, அந்தச் சடசட சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. மிருகம் மூன்று காலில் சுவரில் ஏறப் பார்த்தது, நகம் கல்லில் கிறீச்சிட்டது, நம்கியால் வாலைப் பிடித்து இழுத்துப் போட்டு மண்டையில் இறக்கினான், ஒரு கண் வெளியே வந்துவிட்டது, அப்படியும் சாகவில்லை, ஒன்றரை நாழிகை நேரம் போல இருந்தது, பத்து நிமிடம்கூட இருக்காது, கடைசியில் அவன் அழுதுகொண்டே அடித்தான், எதை அடிக்கிறோம் என்று தெரியாமல் தரையையும் அடித்தான். இவன் என்ன செய்தான்? கத்தியோடு நின்றான். தடுக்கவில்லை. வயிறு எரியத்தானே செய்யும், பதினாலு உயிர், அடிக்கட்டும் என்றுகூட நினைத்தான், வெட்கத்தை விட்டுச் சொன்னால் அப்படித்தான் நினைத்தான்.

இரண்டு நாள் கழித்து வந்த அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு தலையாகத் தூக்கிப் பார்த்தார். பனிச்சிறுத்தை கடிப்பது கழுத்தில், குரல்வளையில், அங்கே நாலு பல் பதிந்திருக்க வேண்டும், அதைப் பார்த்துத்தான் நஷ்டஈடு எழுதுவார்கள், அது ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், இவனுக்குத் தெரியாது. பல் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் கத்தி ஓடியிருந்தது. பதினாலிலும். அதிகாரி நிமிர்ந்து பார்த்தார், வாயைத் திறக்காதே என்று ஆனந்தராஜ் இவன் காலை மிதித்தான். எழுதினார்கள்: ஆட்டை அறுத்துப் போட்டு, ரத்த வாடை காட்டி, விருந்தாளிகளுக்காகச் சிறுத்தையை உள்ளே வரவழைத்து, பிறகு தோலுக்காக அடித்துக் கொன்றிருக்கிறார்கள். பட்டி நம்கியாலுடையது, கடப்பாரை நம்கியாலுடையது, கூட்டிக்கொண்டு போனது நம்கியாலை. ஜீப்பில் ஏறும்போது அவன் இவனைப் பார்த்தான், கோபமில்லை, ஏதோ கேட்கிற மாதிரி... அந்தப் பார்வைதான் இரண்டு மாதமாகச் சோற்றில் கை வைக்க விடவில்லை. சொல்லிவிட வேண்டியதுதான். பெர்மிட்டாவது மண்ணாவது. எல்லாம் சிறுத்தை கடித்த ஆடுகள் சார், ஒவ்வொன்றின் கழுத்திலும் கடி இருந்தது, என் கண்ணால் பார்த்தேன், உயிர் பிரிவதற்குள் எங்கள் முறைப்படி நான்தான் அறுத்தேன், அந்தக் கடி மேலேயே என் கத்தி ஓடிவிட்டது, நம்கியால் பாவம், தன் ஆட்டைக் காப்பாற்ற அடித்தான். இந்தியில் இதைப் பத்துத் தரம் சொல்லிப் பார்த்தாகிவிட்டது, வார்த்தை சுத்தமாக இருக்கிறது, எங்கேயும் இடறவில்லை. அப்புறம் ஏன் இந்தக் கை கல்லைவிட்டு வர மாட்டேன் என்கிறது?

கத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனான். மாமா கிடாயை இடப்பக்கமாகச் சாய்த்துக் கிப்லா பக்கம், மேற்காகத் திருப்பி முழங்காலால் அமுக்கியிருந்தார், வாசலில் அம்மா நூர்நிஷா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், "பாத்துடா, வெருளாம அறு" என்றாள். இடது கையால் தாடையைப் பிடித்துத் தூக்கி, கட்டை விரலால் குரல்வளையைத் தடவினான், எப்போதும் செய்கிறதுதான், கத்தி ஓட வேண்டிய இடத்தைக் கை முதலில் பார்த்துக்கொள்ளும்... ரோமம் உலர்ந்திருந்தது. உலர்ந்து, வெதுவெதுவென்று, உள்ளே ஒரு நரம்பு துடித்துக்கொண்டு. கை நின்றுவிட்டது. உலர்ந்த கழுத்து. வழுக்கின கழுத்துகள் எத்தனை? முதலாவது வழுக்கியது, இரண்டு, மூன்று, ஆறேழு வரைக்கும் விரலால் விலக்கி விலக்கித்தானே அறுத்தான், அதற்கப்புறம் விலக்கவே இல்லையே, கத்தி வெண்ணெயில் போகிற மாதிரி போனதே, ஆகா என்று மனசுக்குள் ஒரு சந்தோஷம்கூட வந்ததே... அந்தப் பக்கத்துச் சுவரோரம் நின்றவை. நின்றவை! படுத்திருக்கவில்லை, ஒண்டிக்கொண்டு நின்றன, நடுங்கின, இவன் ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து இழுத்தான், ஒன்று இவனைத் தள்ளிவிட்டு ஓடியது, ஓடிப்போய்ப் பிடித்தான். குரல்வளை கிழிந்த ஆடு ஓடுமா? இல்லை, இருட்டாக இருந்தது, சரியாகத் தெரியவில்லை, எல்லாம் ரத்தமாகக் கிடந்தது, அது அதன் ரத்தமா என் கையில் இருந்த ரத்தமா யார் கண்டது... விடிந்துதானே இருந்தது, அதன் மூஞ்சியிலிருந்த கரும்புள்ளிகூடத் தெரிந்ததே. அப்படியானால் ஆறோ ஏழோதான் சிறுத்தை. மீதி? இதை இப்போது சொன்னால் சிறுத்தை கடித்ததையும் எவன் நம்புவான், நம்கியாலுக்கு இருக்கிற ஒரே கயிறும் அறுந்துபோகும், சொல்லாவிட்டால்...

"என்னடா பாத்துக்கிட்டே இருக்க, ஆடு தெமுறுது, அறுடா" என்றார் மாமா. உள்ளேயிருந்து ஷிஃபா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள், "அண்ணே, ஒங்களுக்குத்தான், இந்தியில பேசுறாக, பதினஞ்சு நிமிசம் முந்தியே கூப்புடுறாக போல" என்று திரையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள், தொப்பி போட்ட ஒரு முகம், அதன் பின்னால் மரப்பெஞ்சில் நம்கியால், மெலிந்துபோய், மொட்டை அடித்துக்கொண்டு, இவனைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஜூலே என்று வணக்கம் சொன்னான், சிரித்தான், என்னைக் காப்பாற்ற வந்துவிட்டாய் என்கிற சிரிப்பு. அதிகாரி கேட்டது ஒரே கேள்விதான், பதினாலு ஆட்டிலும் நீ கத்தி வைப்பதற்கு முன்னால் பல் இருந்ததா, சத்தியம் பண்ணிச் சொல்வாயா. அஸ்வர் வாயைத் திறந்தான். நம்கியால் அன்றைக்கு வாசலில் நின்று விரல் நீட்டி எண்ணினது நினைவுக்கு வந்தது, எண்ணி முடிக்கிற வரைக்கும் அவன் கையில் ஒன்றுமில்லை, ஏழோடு நின்றிருந்தால் அந்த மனுசன் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், பதினாலு என்றதும்தானே கடப்பாரையைத் தேடிப் போனான்.